கல்லூரி வாயிலுக்கு அப்பால்

நம் கல்விக் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இந்நாளில், இம்மலரின் ஏனைய பக்கங்களைப் பெருமைக்குரிய பட்டியல்கள் பல அணிசெய்யும். எத்துணைபேர் பள்ளியிறுதித் தேர்வில் வென்றனர், எத்துணைபேர் கல்லூரி புகுந்தனர், எவரெவர் பொறியாளராயினர், எவரெவர் அரசுப் பணி பெற்றனர் என்னும் கணக்கு அது. பாடுபட்டுச் சேர்த்த கணக்காதலின், அதனைப் படித்து மகிழ நமக்கு உரிமை உண்டு.

ஆயினும் ஒரு கணக்கினை நாம் இதுகாறும் எழுதியதில்லை. கல்லூரி வாயில்வரை நாம் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள், உள்ளே சென்றபின் எவ்வாறு வாழ்ந்தனர்? யாருடன் உண்டனர்? யாரிடம் மனம் விட்டுப் பேசினர்? படிப்பை இடையில் விட்டுத் திரும்பியோர் எத்துணைபேர்? உயிரையே வெறுக்கும் நிலைக்குச் சென்று, அதனை நம்மிடம் சொல்லாமல் மறைத்தோர் எத்துணைபேர்? இவ்வினாக்களை நாம் ஆண்டுவிழா மேடையில் கேட்டதுமில்லை, செயற்குழுவில் கேட்டதுமில்லை. வெள்ளிவிழா மலரில் இப்பொருளை எழுதுவது மங்கலமாகாது என்று அன்பர் சிலர் கருதக்கூடும். பிள்ளைகளின் உயிரைவிட மங்கலமான பொருள் வேறு உண்டோ? ஆதலின் துணிந்து எழுதுகின்றோம்.

வாயில் திறந்த கதை

நம் முன்னோர்க்குக் கல்வி தானாக வந்து வாய்த்ததன்று. 1848-ஆம் ஆண்டில் பூனா நகரில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் கண்டனர். சென்னையில் 1894-இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார்; நந்தனார் நுழைய இயலாத ஊரிலேயே அவர் பெயரால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாயில் திறந்தது. சென்னை மாகாண அரசு 1920-ஐ ஒட்டி ஏற்படுத்திய தொழிலாளர் துறையும் நம் சேரிகளில் பள்ளிகள் நடத்தலாயிற்று. ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று நம் பாட்டன்மார் கூறியது அவற்றையே.

பெருந்தலைவர் எம். சி. ராஜாவும் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனும் சட்டமன்றத்தில் நம் மக்களின் கல்விக்காகவும் உரிமைக்காகவும் வாதாடினர். பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்பிற்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் 1944-இல் தொடங்கியது. 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கல்வி நிலையங்களில் இடஒதுக்கீட்டுக்கு உறுதி தந்தது. இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு படியாக ஏறித்தான் நாம் கல்லூரி வாயிலை அடைந்தோம். இவ்வரலாற்றை நம் இளைஞர் நன்கறிவர். மேடைதோறும் நாமும் கூறிவருகின்றோம்.

நாம் அதிகம் கூறாத வரலாறு ஒன்று இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. அதுவே விடுதியின் வரலாறு.

விடுதி என்னும் தாய்வீடு

நம் தலைவர்கள் பள்ளி வேண்டுமென்று கேட்ட நாளிலேயே விடுதியும் வேண்டுமென்று கேட்டனர். காரணம் வெளிப்படை. பட்டணத்தில் நம் பிள்ளைக்கு அறை வாடகைக்குத் தருவார் இலர். உணவு விடுதியில் உள்ளே அமரவிடுவார் இலர். கிணற்றில் நீர் முகக்கவும் விடார். பள்ளியில் இடம் கிடைத்தும் தங்க இடமின்றித் திரும்பிய பிள்ளைகள் பலர். கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராசர் இதனை உணர்ந்தவர். அவர் தம் நகரில் பல வகுப்பினர்க்கும் மாணவர் விடுதிகள் அமைத்ததோடு, 1908-இல் தீண்டத்தகாதார் எனப்பட்ட மாணவர்க்கெனவும் ஒரு விடுதி ஏற்படச் செய்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் ஒதுக்கப்பட்டோர் நலச் சபையை நிறுவினார். அச்சபை செய்த முதற்பணிகளுள் ஒன்று, 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. மாநாடும் ஊர்வலமும் ஒருபுறம் நிகழ, மறுபுறம் பிள்ளைகளுக்குச் சோறும் விளக்கும் துணையும் தேடித் தந்தார் அவர். பின்னர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் அவுரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியையும் தொடங்கினார். பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர்பெற்ற அக்கல்லூரியும் அதன் விடுதிகளும் மராத்வாடாச் சிற்றூர்களினின்று வந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் புகலிடமாயின. எழுத்தாளரும் போராளிகளும் அங்கிருந்து எழுந்தனர்.

தமிழகத்திலும் நந்தனார் பள்ளியோடு விடுதிகள் வளர்ந்தன. சென்னைச் சைதாப்பேட்டையில் எம். சி. ராஜா பெயர் தாங்கிய கல்லூரி மாணவர் விடுதிக்கு 2025-இல் பன்மாடிப் புதுக்கட்டடம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அரசு விடுதிகள் யாவும் ‘சமூகநீதி விடுதி’ என்னும் பொதுப்பெயர் பெற்றன.

அவ்விடுதிகளில் குறைகள் இல்லாமலில்லை. ஒழுகும் கூரையையும் நீர்த்த குழம்பையும் நாம் மறந்துவிடவில்லை. எனினும், அங்கே வளர்ந்த நம் மூத்தோரிடம் கேட்டால் ஒரு செய்தியைத் தவறாது சொல்வர். அங்கே ஒருவன் தேர்வில் தவறினால், தன்னைப்போலத் தவறியவன் பக்கத்துப் பாயிலேயே இருந்தான். ஊரிலிருந்து பணம் வாராதவனுக்கு மற்றொருவன் தன் கைப்பணத்தில் பாதியைத் தந்தான். ஆங்கிலம் புரியாதவனுக்கு மேல்வகுப்பு அண்ணன் இரவில் சொல்லித் தந்தான். இழிசொல் கேட்டுத் திரும்பியவன் அதனைச் சொல்லி அழ இடமிருந்தது. விடுதி என்பது அவர்களுக்குக் கூரை மட்டுமன்றிக் காதும் தோளுமாக இருந்தது.

“நாங்கள் படாத பாடா? இக்காலப் பிள்ளைகள் மனவலிமை அற்றவர்கள்” என்று நம் மூத்தோருள் சிலர் கூறுகின்றனர். அவர்கள் பட்ட பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர்கள் சேர்ந்து பட்டனர். இன்றைய பிள்ளை தொலைதூர நகரத்தில், ஆயிரம் பேர் நடுவே தனியனாகப் படுகிறான். இவ்விரண்டும் ஒன்றாகா.

பரோடா நகரத்துப் பூங்கா

தனிமை எத்துணை வலிய உள்ளத்தையும் எவ்வாறு உலுக்கும் என்பதற்கு அண்ணலின் வாழ்விலேயே சான்று உண்டு. 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர்க்கு நல்ல நண்பர் வாய்த்தனர். அவர்களுள் நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவர் வாழ்நாள் தோழரானார். பிற்காலத்தில் அண்ணல் தம் படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் செல்லக் கடன் தந்து உதவியவரும் அவரே.

உயர்கல்வி பெற்று 1917-இல் தாயகம் திரும்பிய அண்ணல், தமக்கு உதவித்தொகை அளித்த பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் அவர்க்குத் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் ஒரு கூட்டம் தடிகளுடன் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. அடைக்கலம் தேடி அணுகிய நண்பர் இருவரும் தயங்கினர். போக்கிடமின்றி அவர் ஊர்ப் பூங்காவில் மாலைவரை அமர்ந்திருந்து, இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார். இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதியபோதும் கண்ணீரின்றி நினைக்க இயலவில்லை என்பதை மறைக்கவில்லை.

அன்று அவர் உள்ளம் உடைந்தது பலவீனத்தாலன்று. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் கற்ற பேரறிஞர் அவர். அவரையே ஒரு நகரம் முழுதும் புறக்கணித்த நாள் அழச்செய்தது எனின், பதினெட்டு வயதுச் சிறுவனும் சிறுமியும் கலங்குவதில் வியப்பென்ன? வருந்தியதை அண்ணல் ஒளித்ததுமில்லை. எழுதி வைத்தார், நாம் படிப்பதற்காக. துன்பத்தைச் சொல்லுதல் இழிவன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஐதராபாத்தில் நிகழ்ந்தவை

இனி, நம் காலத்துக்கு வருவோம். பூங்காவில் தனித்திருந்தவரின் துயரம் நூறாண்டுகளுக்குப் பின்னும் பல்கலைக்கழகங்களின் உள்ளேயே நிகழ்ந்ததை ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வரலாறு காட்டும். அவ்வரலாறு நம் சேலம் மண்ணோடும் தொடர்புடையது.

செந்தில்குமார் சேலம் மாவட்டத்தவர். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட, நம்முள்ளும் மிக ஒடுக்கப்பட்ட பிரிவில் பிறந்து, இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுவரை உயர்ந்தார். ஐதராபாத்தில் சேர்ந்தபின் ஆய்வு நெறியாளர் ஒருவர் அவர்க்கு ஒதுக்கப்படாமலே காலம் கழிந்தது. தேறாத பாடத்தைக் காரணங்காட்டி உதவித்தொகையும் தடைப்பட்டது. 2008 பிப்ரவரியில் அவர் உயிர் நீத்தார். பின்னர்ப் பல்கலைக்கழகம் அமைத்த குழு, அத்துறையில் நெறியாளர் ஒதுக்கும் முறையில் இருந்த குறைகளை எடுத்துக்காட்டியது. 2013-இல் மதாரி வெங்கடேஷ் என்னும் ஆய்வு மாணவரும் அதே வளாகத்தில் உயிர் நீத்தார். அவர்க்கும் நெறியாளர் ஒதுக்குவதில் நெடிய தாமதம் நேர்ந்திருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்ட குறை அது.

2015-இன் இறுதியில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐவர் அதே பல்கலைக்கழகத்தின் விடுதியினின்றும் பொது இடங்களினின்றும் விலக்கப்பட்டனர். அவர்கள் வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் அமைத்துத் தங்கினர். அவர்களுள் ஒருவரான ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை வந்து சேராதிருந்தது. 2016 சனவரி 17-ஆம் நாள் அவர் மறைந்த செய்தி நாடெங்கும் மாணவரைத் தெருவுக்குக் கொணர்ந்தது. அப்போராட்டத்தில் பங்குகொண்டவருள் ஒருவர் சேலத்தைச் சேர்ந்த முத்துக்கிருஷ்ணன். பலமுறை முயன்று, தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வுக்கு இடம் பெற்றவர் அவர். 2017 மார்ச் 13-ஆம் நாள் அவரும் தில்லியில் உயிரிழந்தார். அம்மரணம் குறித்து அவர்தம் குடும்பத்தார் ஐயம் எழுப்பி விசாரணை கோரினர்.

இந்நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக் காணுங்கால் சில கூறுகள் புலனாகும். உதவித்தொகை தாமதமாதல் அல்லது நின்றுபோதல், வழிகாட்டும் ஆசிரியர் இன்மை, விடுதியினின்று விலக்கப்படுதல், முறையீடு கேட்பாரின்மை. ஓர் உயிர் போவதற்கு ஒரே காரணம் உண்டென்று மனநல அறிஞர் கூறுவதில்லை. பல சுமைகள் ஒருங்கே கூடும்போதுதான் மனம் தாங்காது போகிறது. ஆயின் மேற்கூறிய சுமைகள் யாவும் மனிதர் ஏற்றியவை. மனிதரால் இறக்கக் கூடியவை. உதவித்தொகையை மாதந்தவறாது அனுப்புதலும், ஒவ்வொரு மாணவர்க்கும் நெறியாளர் ஒருவரைக் காலத்தே ஒதுக்குதலும் அலுவலகத்தார் செய்யவல்ல எளிய செயல்களே.

ஈண்டு நம் இளைஞர்க்கு ஒரு சொல் கூறியாதல் வேண்டும். மறைந்த மாணவரின் உருவப்படங்களை நம் கூட்டங்களில் வைத்து வணங்குகின்றோம். அவர்கள் கேட்ட நீதியைப் போற்றுதல் நம் கடமை. ஆனால் அவர்களின் சாவைத் தியாகமென்றோ போராட்டமுறையென்றோ போற்றுதல் பெரும்பிழை. செந்தில்குமார் இன்று இருந்திருப்பின் எத்துணை மாணவர்க்கு இயற்பியல் கற்பித்திருப்பார்! அந்த இழப்பே நாம் பேச வேண்டியது. உயிரோடிருந்து படித்து முடித்து, அதே துறையில் ஆசிரியராக அமர்வதே நம் மக்களுக்கு வெற்றி.

கணக்கில் வராத உயிர்கள்

நம் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர் தொகை 2012-இல் 6,654 என்றும், 2022-இல் 13,044 என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் குறித்துள்ளது. பத்தாண்டில் அஃது ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவ்வாண்டறிக்கையில் மாணவரின் சாதியைக் குறிக்கும் பத்தி இல்லை. எனவே இவர்களுள் நம் பிள்ளைகள் எத்துணைபேர் என்பது அதனால் விளங்காது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கல்வி அமைச்சர் தந்த விடை சிறிது ஒளி தருகிறது. 2014 முதல் 2021 வரை மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர் இவ்வாறு இறந்தனர்; அவர்களுள் 24 பேர் பட்டியல் இனத்தவர், மூவர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். ஆக, பாதிக்கு மேற்பட்டோர் இடஒதுக்கீட்டால் உயர்கல்வி வாயிலை அடைந்த மக்களின் பிள்ளைகள்.

இதற்கு முன்னரே, தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் பாகுபாடு நிலவுவதாக எழுந்த முறையீட்டை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2007-இல் அது தந்த அறிக்கை, பட்டியலின, பழங்குடி மாணவர் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பதிவு செய்தது. 1917-இல் விடுதியினின்று தடிகொண்டு விரட்டினர். 2007-இல் விடுதிக்குள்ளேயே வேறு தளத்திற்கு ஒதுங்கச் செய்தனர். முறை மாறிற்று, மனம் மாறவில்லை. பம்பாயில் பயின்ற பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தட்வி 2019-இல் மறைந்ததும் இத்துயர வரிசையில் அடங்கும்.

சட்டம் நடந்து வந்த வழி

துயரத்தைக் கூறி முடித்துவிட்டால் அது வரலாறு ஆகாது. துயரத்தினின்று மக்கள் பெற்ற காப்பையும் கூறவேண்டும்.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் பயின்ற மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு இரையாகிக் கொலையுண்டார். தமிழகம் கொதித்தெழுந்தது. அதன் பயனாக 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச்சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. ‘விளையாட்டு’ என்று நெடுங்காலம் பொறுக்கப்பட்ட கொடுமை, குற்றமென்று பெயர் பெற்றது.

மற்றொரு சான்று நம் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. முன்னாளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் ஒரு பாடம் தவறினும் கல்லூரி செல்ல ஓராண்டு காத்திருக்கவேண்டும். தேர்வு முடிவு வரும் நாளில் ஆண்டுதோறும் சாவுச் செய்திகள் வந்தன. 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றிவரும் சினேகா நிறுவனத்தார், தவறியவர்க்கு உடனே மறுதேர்வு வேண்டுமென்று வலியுறுத்தினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அரசு அதனை ஏற்று, சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுத வழி செய்தது. தேர்வுத் தோல்வியால் நேரும் சாவுகள் அதன்பின் குறைந்தன என்பதை அந்நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் எடுத்துக்காட்டியுள்ளார். பிள்ளைகளின் மனம் ஒரே ஆண்டில் இரும்பாகிவிடவில்லை. அலுவலக விதியொன்று மாறிற்று, உயிர்கள் பிழைத்தன. 2017-இல் முதலிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடும் வழக்கத்தையும் தமிழக அரசு கைவிட்டது. ஆயினும் அதே ஆண்டு செப்டம்பரில், 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் புதிய நுழைவுத்தேர்வால் மருத்துவ இடம் கிட்டாத அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். ஒரு வாயிலில் சுமை குறைய, மற்றொரு வாயிலில் சுமை ஏறிற்று.

சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதிகள் வகுத்தது. அவை ஏட்டளவில் நின்றன என்று ரோஹித்தின் அன்னையாரும் பாயலின் அன்னையாரும் 2019-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினர். தம் பிள்ளைகளை இழந்த இரு தாய்மார், பிறர் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. 2025 மார்ச்சில், தில்லித் தொழில்நுட்பக் கழகத்தில் மகனை இழந்த பட்டியலினப் பெற்றோர் தொடுத்த மற்றொரு வழக்கில், காவல்துறை வழக்குப் பதிவு செய்யவேண்டுமென உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மாணவர் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. அவ்வாண்டு சூலையில் மற்றொரு தீர்ப்பில், நூறு மாணவர்க்கு மேற்பட்ட கல்வி நிலையங்கள் பயிற்சிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டுமென நெறிமுறை வகுத்தது.

இன்னும் ஒரு சட்டமாற்றத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிதல் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் காலம் ஒன்று இருந்தது. காவல் நிலையத்துக்கு அஞ்சியே பலர் மருத்துவமனை செல்லவில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அத்தகையோர் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கொள்ளப்படவேண்டும் என்றும், அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்தல் அரசின் கடமை என்றும் கூறிற்று. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சிக்கெனத் தண்டனை விதித்த பழைய பிரிவு இடம்பெறவில்லை. ஆதலின் அச்சமின்றி மருத்துவரை நாடலாம்.

நம் ஊரில் நாம் கற்ற பாடம்

இப்போது நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். சில ஆண்டுகட்கு முன், நம் ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி நாம் பாராட்டி அனுப்பிய மாணவன் ஒருவன், இரண்டாம் ஆண்டில் பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் கல்லூரிக்குத் திரும்ப மறுத்தான். செய்தி கேட்டு நாம் நால்வர் அவன் வீட்டுக்குச் சென்றோம். “தம்பி, ஊரே உன்னை நம்பியிருக்கிறது, நம் தெருவில் முதல் பொறியாளர் நீதான், நீயே இப்படிச் செய்தால் மற்றவர் என் செய்வர்?” என்றோம். அவன் தலை கவிழ்ந்திருந்தான். நாம் அறிவுரை கூறிய மனநிறைவோடு திரும்பினோம்.

மறுநாள் நம் கழகத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், நாம் யாவரும் அக்கா என்றழைப்பவர், தனியே சென்று அவன் அருகில் அமர்ந்தார். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. “சாப்பிட்டாயா? தூக்கம் வருகிறதா?” என்று கேட்டார். நெடுநேரம் பேசாதிருந்தவன் பின்னர் அழுதுகொண்டே கூறினான். உதவித்தொகை வரவில்லை, கட்டணம் கட்டாதோர் பெயரை வகுப்பில் வாசித்தனர், அரியர் எனப்படும் தேறாத தாள்கள் நான்கு சேர்ந்துவிட்டன, விடுதியில் பல வாரங்களாக எவரோடும் பேசவில்லை, இரவில் உறக்கமில்லை. “சாகவேண்டும் என்று தோன்றுகிறதா, தம்பி?” என்று அக்கா நேராகவே கேட்டார். ஆம் என்றான். நாம் முன்னாள் கூறிய சொல்லே தன்னை மிகவும் அழுத்தியதாகவும் சொன்னான். ஊர் முழுதும் தன்மீது ஏறி நிற்பதாக அவனுக்குத் தோன்றியதாம்.

அவ்விரவு அக்கா அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். மருந்தும் ஆலோசனையும் சில திங்கள் தொடர்ந்தன. நாம் கல்லூரிக்குச் சென்று கட்டணத்துக்குத் தவணை கேட்டோம். உதவித்தொகை அலுவலகத்துக்கு நடந்தோம். ஓராண்டு இடைவெளிக்குப் பின் அவன் படிப்பை முடித்தான். இன்று நலமாக இருக்கின்றான். அவன் இசைவோடுதான் இதனை எழுதினோம். பொன்னாடை போர்த்த நமக்குத் தெரிந்திருந்தது. அருகில் அமர்ந்து கேட்கத் தெரியவில்லை.

இனிச் செய்யத்தக்கன

நம் கழகத்துக்கு நாம் முன்வைப்பன சில. கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவர்க்கும் மாணவிக்கும், முன்னரே அவ்வழி சென்ற அண்ணன் அல்லது அக்கா ஒருவரைத் துணையாக அமைத்தல் வேண்டும். அவர் திங்களுக்கு இருமுறையேனும் தொலைபேசியில் பேசுதல் வேண்டும். மதிப்பெண்ணை முதலில் கேளாது நலத்தைக் கேட்டல் வேண்டும். உதவித்தொகை தாமதமாகுங்கால் கைமாற்றாக உதவ ஒரு சிறு நிதி வேண்டும். ஆண்டறிக்கையில் சேர்ந்தோர் தொகையோடு, தொடர்வோர் தொகையையும் எழுதுதல் வேண்டும். படிப்பை மாற்றிக்கொண்டவர்க்கும் ஓராண்டு ஓய்வெடுத்தவர்க்கும் நம் மேடையில் இடமளித்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். பிள்ளை பேச்சைக் குறைத்தல், உணவும் உறக்கமும் கெடுதல், விரும்பிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்’ என்பதுபோற் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் ‘பேய் பிடித்தது’ என்றோ ‘சோம்பல்’ என்றோ தள்ளிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மனத்தின் பாரம் குறையவே செய்யும். தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம், மனத்தின் நோய்க்கு மருந்துண்ண ஏன் நாணவேண்டும்? அரசின் டெலிமானஸ் மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சென்னைச் சினேகா நிறுவனத்தின் எண் 044-24640050.

இளைஞர்களே, உங்களை நம்பி ஊர் இருக்கிறது என்று இனிச் சொல்லமாட்டோம். உங்களுக்காக ஊர் இருக்கிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது. தேர்வில் தவறினாலும் நீங்கள் எம் பிள்ளைகளே. படிப்பை மாற்றினாலும் எம் பிள்ளைகளே. எந்நேரத்தில் வந்தாலும் கதவு திறக்கும். கல்லூரியில் இழிசொல் கேட்டால் அதனை விழுங்கிக்கொள்ளாது எமக்குச் சொல்லுங்கள். முறையீட்டைத் தனியொருவராக எழுதவேண்டா, நாம் சேர்ந்து எழுதுவோம். உங்கள் அறையில் பேச்சற்றுப்போன தோழன் ஒருவன் இருப்பானாயின், அவன் எச்சாதியினனாயினும், இன்றிரவே அவன் அருகில் சென்று அமருங்கள்.

பரோடாப் பூங்காவில் அன்று அண்ணலின் பக்கத்தில் அமர ஒருவரும் இலர். அவ்விடம் இனி எப்பிள்ளைக்கும் வெறுமையாக இருத்தல் ஆகாது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் செய்யவேண்டிய முதற்பணி அதுவே. பொன்விழா மலரில் எழுதப்படும் பட்டியலில், நாம் அனுப்பிய பிள்ளைகள் அனைவரும் நலமாக இருக்கின்றனர் என்னும் ஒரு வரி இடம்பெறுமாயின், அதுவே நம் உழைப்பிற்குப் போதிய பரிசாகும்.